வெற்றிலை மாதிரி இலை, தண்டெல்லாம் முள்: இது என்ன கொடி?

பிரான்சின் மார்செய் பக்கத்தில் உள்ள கலாங்க் மலைச்சரிவில் டிசம்பர் மாதம் நடந்துவந்த வாசகர் கேட்கிறார்: "புதர் மேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. வெற்றிலை போலப் பளபளப்பான இலை. முள் காலைக் கீறிவிட்டது. சிவப்புப் பழக் கொத்தும் இருந்தது. என்ன கொடி, பழத்தைச் சாப்பிடலாமா?"

முதலில் பழம்: சாப்பிட வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஸ்மைலாக்ஸ் ஆஸ்பெரா. பிரெஞ்சுக்காரர்கள் சல்ஸ்பரேய் என்பார்கள். சித்த மருத்துவத்தின் பறங்கிப்பட்டைக்கு இது நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம்.

உறுதிசெய்ய இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்க நடுநரம்பில் குட்டிக் குட்டியாக வளைந்த முட்கள் வரிசையாக இருக்கும். பல சமயம் இலை ஓரத்திலும் இருக்கும். நிழலில் வளர்ந்த கொடியில் இலை முள் குறைந்துவிடும், அதனால் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். இலைக்காம்பின் அடியைப் பாருங்கள்: அங்கிருந்து இரண்டு பற்றுக்கம்பிகள் ஜோடியாகக் கிளம்பி, பக்கத்துக் கிளையைச் சுற்றியிருக்கும். அந்தப் புதர்க்காட்டில் வேறு எந்தக் கொடியிலும் இந்த ஜோடி கிடையாது. தண்டும் நேராகப் போகாமல் கணுவுக்குக் கணு திசை மாறும். ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி என்பதால், அந்தப் பழம் இதனுடையதுதான் என்றால், நீங்கள் பார்த்தது பெண் கொடி.

சரி, எதனோடு குழம்பலாம்? நம் பெருவள்ளிக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்த டயாஸ்கோரியா கம்யூனிஸ் என்ற கொடியோடு. அதற்கும் வெற்றிலை வடிவ இலை, சிவப்புப் பழம். ஆனால் இலை மெல்லியது, முள் இல்லை, பற்றுக்கம்பி இல்லை. தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். அதன் பழம் நஞ்சு. கருணைக்கிழங்கு நாக்கில் நமைக்கக் காரணமான அதே ஊசிப் படிகங்கள் அதிலும் உண்டு. குளிர்காலத்தில் அதன் இலை உதிர்ந்துவிடும், பழம் மட்டும் காய்ந்த தண்டில் தொங்கும். ஒரே புதரில் இரண்டு கொடியும் ஏறியிருந்தால், ஒன்றின் பச்சை இலைக்கு நடுவே மற்றதன் பழம் தெரியும். சாப்பிட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

ஐவி கொடியோ என்ற சந்தேகம் வேண்டாம். அது வேரால் ஒட்டிக்கொண்டு ஏறும், பழமும் கறுப்பு.

அப்புறம், கலாங்க் தேசியப் பூங்கா. அங்கே எதையும் பறிக்கக் கூடாது. இலையைக் கொடியிலேயே வைத்துத் திருப்பி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.