கால் ஆணியைச் சீவலாமா?

கேள்வி: துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறேன். வயது 46, சர்க்கரை நோய் உண்டு. வலது பாதத்தில் கால் ஆணி. பிளேடால் சீவினாலும் திரும்பத் திரும்ப வருகிறது. கடையில் விற்கும் இரும்புச் சுரண்டி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பிளேடையும் இன்றோடு விட்டுவிடுங்கள். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெட்டுப்பட்டது தெரியாமலே புண்ணாகிவிடும், அப்புறம் ஆறுவதும் கடினம். கடையில் கிடைக்கும் கார்ன் பிளாஸ்டரும் (ஆணிமேல் ஒட்டும் மருந்துப் பட்டை) உங்களுக்கு ஆகாது. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் சுற்றியிருக்கும் நல்ல தோலையும் அரித்துவிடும்.

முதலில் அது ஆணிதானா என்று பார்க்க வேண்டும். பாதத்தில் தடிப்பாக எது இருந்தாலும் ஆணி என்றே சொல்லிவிடுகிறோம். அகலமாக, மஞ்சள் நிறத்தில், ஓரம் தெளிவில்லாமல் தடித்திருந்தால் அது காய்ப்பு. பெரும்பாலும் வலிக்காது. சிறியதாக, நடுவில் கடினமான முளை இருந்து, நேராக அழுத்தினால் சுருக்கென்று குத்தினால் அதுதான் ஆணி. பக்கவாட்டில் கிள்ளும்போது அதிகம் வலித்து, மேலே கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால், அது வைரஸால் வரும் மருவாக இருக்கலாம். சீவினால் மரு பரவக்கூடும். வீட்டில் பாதம் தேய்க்கும் ஒரே கல்லை எல்லோரும் பயன்படுத்துவதும் அதனால்தான் கூடாது.

ஆணிக்கு உள்ளே வேர் இருக்கிறது, அதைப் பிடுங்கினால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வேர் எதுவும் இல்லை. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருப்பதால் இறுகிப்போன செத்த தோல்தான் அந்த முளை. அழுத்தம் போகாதவரை எத்தனை முறை சீவினாலும் அது வரத்தான் செய்யும். அதனால் செருப்பை மாற்றுங்கள்: முன்பகுதி அகலமாக, அடிப்பகுதி மெத்தென்று, பின்வார் உள்ளதாக இருக்கட்டும். கடைக்குள் வெறுங்காலோடு நிற்க வேண்டாம்.

சர்க்கரை இல்லாதவர்கள் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, பியூமிஸ் கல்லால் மெதுவாகத் தேய்த்து, யூரியா கலந்த கிரீம் பூசலாம். நீங்கள் அதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சர்க்கரை நோய்ப் பாத சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் தடித்த தோலைக் கிருமி நீக்கிய கத்தியால் பாதுகாப்பாகச் சீவிவிடுவார்கள், பாதத்தின் உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, அல்லது தடிப்புக்கு அடியில் கறுத்த ரத்தக்கட்டு தெரிந்தால் அன்றைக்கே போங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.