பலத்த காற்றில் சிறு பாய்ப்படகுக்கு எந்த அளவுப் பாய் பொருந்தும்?

பாயின் அளவு என்பது காற்றைத் தாங்கும் துணியின் பரப்பு. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும் என்பதால், 10 நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) காற்றில் சுகமாக ஓடிய படகை 20 நாட் காற்று அதே பாயோடு கவிழ்க்கப் பார்க்கும். அதைத் தடுப்பது, பெரும்பாலும், விளிம்புக்கு வெளியே சாய்ந்து அமர்ந்திருப்பவரின் உடல் எடைதான். சூறைக்காற்றில் பெரிய குடையை விரித்தவர் படும் பாடு இது. லேசர் என்ற, ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகில் உடற்பகுதி ஒன்றே, பாய்களோ 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று. எடை குறைந்தவரும் புதிதாகக் கற்பவரும் சிறியதைக் கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுவதும் வெளியே சாய்ந்தும், பாய்க்கயிற்றை ஓயாமல் தளர்த்த வேண்டியிருந்தால், பாய் பெரிது என்று பொருள். பெரிய பாய் எப்போதும் கூடுதல் வேகம் தரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மிகையாகச் சாய்ந்த படகு பக்கவாட்டில் நழுவி, சுக்கானும் பிடிப்பை இழந்து, நிமிர்ந்து ஓடும் சிறுபாய்ப் படகிடம் பெரும்பாலும் பின்தங்கும்.