எந்த ‘டு’வுக்குப் பின்னால் ‘இங்’ வரும்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சலை ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடிக்கிறேன். ‘ஹியரிங்’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறாள் தோழி. ‘டு’வுக்குப் பிறகு ‘இங்’ வராது என்றுதானே படித்தோம்?

பதில்: தோழி சொல்வதுதான் சரி. நீங்கள் படித்ததும் தப்பில்லை, ஆனால் அது வேறு ‘டு’. ‘ஐ வான்ட் டு ஹியர்’ என்பதில் இருக்கும் ‘டு’ வினைச்சொல்லோடு சேர்ந்தது. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு’வில் இருப்பதோ ப்ரிப்போசிஷன், அதாவது ‘இன்’, ‘அட்’ மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல், அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும், இல்லையென்றால் பெயர்ச்சொல் மாதிரி நடந்துகொள்ளும் ‘இங்’ வடிவம் வர வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ இடிக்கவில்லை, அப்போ ‘ஹியரிங்’. ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ என்று சொன்னால் உடனே இடிக்கும்.

இதே வம்பு ‘யூஸ்டு டு’விலும் உண்டு. ‘ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட்’ என்றால் முன்பு இரவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்’ என்றால் இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது. விண்ணப்பத்தில் இதை மாற்றி எழுதினால், இரவு ஷிஃப்டை எப்போதோ விட்டுவிட்டவர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்!

கேள்வி: ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘கோப் அப் வித்’ இரண்டும் தப்பா? எல்லோரும் எழுதுகிறார்களே?

பதில்: எல்லோரும் எழுதினாலும் தப்புதான். ‘வி டிஸ்கஸ்டு தி ப்ளான்’, அவ்வளவே. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்று தமிழில் யோசிக்கும்போது அந்தப் ‘பற்றி’ தானாக ‘அபௌட்’ ஆகி உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் ‘எ டிஸ்கஷன் அபௌட் தி ப்ளான்’ என்று எழுதலாம், அது பெயர்ச்சொல். கொஞ்சம் அநியாயம்தான், என்ன செய்வது. அப்புறம், ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’தைப் பார்த்துத்தான் அங்கே ‘அப்’ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: ‘ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்’, ‘ரிவர்ட் பேக்’ பற்றி?

பதில்: முதலாவதில் இலக்கணப் பிழை இல்லை. பழைய பிரிட்டிஷ் அலுவலக நடை, அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்து இந்தியாவில் தங்கிவிட்டது. என் குறையெல்லாம், என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை என்பதுதான். ‘ப்ளீஸ் சைன் தி ஃபார்ம் பை ஃப்ரைடே’ என்று எழுதுங்கள், கையெழுத்தாவது கிடைக்கும். ‘ரிவர்ட்’ என்றாலே பழைய நிலைக்குத் திரும்புவது, அதற்கு மேல் ஒரு ‘பேக்’ எதற்கு? பதில் எழுதுங்கள் என்பதற்கு இந்திய ஆங்கிலத்தில் ‘ரிவர்ட்’ சகஜம், வெளிநாட்டில் படிப்பவர் குழம்பக்கூடும். பேசாமல் ‘ரிப்ளை’ என்றே எழுதிவிடுங்கள்.