குதிரையின் படர்தாமரை எங்கிருந்து வந்தது?

கேள்வி: பரந்தனில் ஒரு மட்டக்குதிரை வளர்க்கிறோம். வாங்கி 2 மாதம். மாரி முடிந்த கையோடு வயிற்றுப்பட்டி இறுக்கும் இடத்திலும் தோளிலும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் வட்ட வட்டமாக மயிர் கொட்டுகிறது. இப்போது மகனின் கையிலும் ஒரு வட்டம். குதிரைதான் கொண்டுவந்ததா? கன்றுகளும் அதே கொட்டிலில்தான் நிற்கின்றன.

பதில்: குதிரைமேல் பழியைப் போட அவசரப்படாதீர்கள். படர்தாமரைப் பூஞ்சணம் ஒட்டி வட்டம் தெரிய பொதுவாக 1 முதல் 4 கிழமை ஆகும். வரும்போதே நோய் இருந்திருந்தால் அநேகமாக முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் சேணமும் பிரஷும் பழைய சொந்தக்காரரிடமிருந்து கூடவே வந்தவையா? அதை யோசியுங்கள். பூஞ்சண வித்துக்கள் தோலிலும் மரத்திலும் மாதக்கணக்கில், ஏன், வருடம் தாண்டியும் உயிரோடு கிடக்கும்.

முதலில் இது படர்தாமரைதானா என்று பாருங்கள். மயிரைப் பிடித்து இழுத்தால் பொருக்கோடு சேர்ந்து தூரிகை நுனிபோலக் கற்றையாக வந்தால், அது மழை ஈரத்தில் வரும் பக்டீரியா நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

படர்தாமரை என்றால், எந்தப் பூஞ்சணம் என்பதே மூலத்தைச் சொல்லிவிடும். ட்ரைக்கோபைட்டன் ஈக்வினம் என்றால் இன்னொரு குதிரை, அல்லது அதன் சாமான். ட்ரைக்கோபைட்டன் வெருக்கோசம் என்றால் மாடு. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்றால் பெரும்பாலும் பூனை, சிலவேளை நாய். மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் என்றால் மண். உங்கள் கதையைக் கேட்க எனக்குச் சந்தேகம் கன்றுகள்மேல்தான். கன்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பலைக் குழைத்து அப்பியதுபோலத் தடித்த பொருக்கு இருக்கிறதா? இன்றே பாருங்கள்.

மருந்து பூசுவதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும், பூசிய பிறகு எடுத்தால் பூஞ்சணம் வளராமல் போகலாம். வட்டத்தின் நடுவில் வேண்டாம், ஓரத்தில் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் மயிரை வேரோடு பிடுங்கிக் கடித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேர்த்துவிடும். மிருக வைத்தியர் மூலம் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது, கொட்டிலில் கன்றுகள் நிற்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மாட்டுப் பூஞ்சணம் மிக மெதுவாக, 37 பாகை சூட்டில், தயமின் (விற்றமின் பி1) சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில்தான் நன்றாக வளரும். சொல்லாவிட்டால் "ஒன்றும் வளரவில்லை" என்று முடிவு வந்துவிடும். 3, 4 கிழமை பொறுத்திருக்கவும் வேண்டும்.

மாதிரி எடுத்தாயிற்றா? சரி, அப்புறம் வைத்தியர் சொல்லும் மைக்கோனசோல் என்ற பூஞ்சண மருந்து சேர்ந்த ஷாம்பூவைத் தொடங்கலாம். ஆறும்வரை சேணம் வேண்டாம், பிரஷ் ஒவ்வொரு மிருகத்துக்கும் தனித்தனி. பிரஷ்களை ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து வெயிலில் காயவிடுங்கள். பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீரொயிட் கிறீமைப் பூசிவிடாதீர்கள், வட்டம் இன்னும் பரவும்.

கன்றுகள் கழுத்துத் தேய்க்கும் தூணிலேயே குதிரையும் தோளைத் தேய்க்கும். அந்தத் தூணில் ஒட்டியிருக்கும் மயிரையும் வேறொரு உறையில் போட்டு அனுப்புங்கள்.