ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுக்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். கனடா வந்து எட்டு மாதம், ஸ்காபரோவில் ஒரு வேர்ஹவுஸில் இரவு வேலை, ஊரில் கணக்கியல் படித்தவர். ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுக்கலாமா, அந்தப் படிப்பில் உண்மையில் ஏதும் இருக்கிறதா, பெயருக்குத்தான் சோதனை வைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கும் காலத்தில் முகவராக இருக்கும் ஒரு நண்பருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷனில் பங்கு தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். ஒன்ராறியோ மாகாணத்தில் மற்றவர்களுக்கு வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலைச் செய்ய, முகவர்களைக் கட்டுப்படுத்தும் ரெக்கோ என்ற அமைப்பில் பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர் அந்த வேலையைச் செய்யவும் கூடாது, அதற்குக் கமிஷனில் பங்கு வாங்கவும் கூடாது. கொடுப்பவரும் மாட்டுவார். நாளைக்கு நீங்கள் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பழைய நடத்தையையும் பார்ப்பார்கள். சில நூறு டொலருக்காக அந்தக் கதவை நீங்களே அடைத்துக்கொள்ளாதீர்கள்.

இனிப் படிப்பு. நான் 2009இல் பதிவு எடுத்தேன். அப்போது பாடத்திட்டம் வேறு. 2019 முதல் ஹம்பர் கல்லூரி நடத்தும் பாடத்திட்டம் வந்தது. வேறு யார் நடத்த அனுமதி பெற்றிருக்கிறார்கள் என்பதை ரெக்கோவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் நான்கு பெரிய பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை, தேற 75 வீதம் எடுக்க வேண்டும். இடையில் இரண்டு தடவை செய்முறைப் பயிற்சி: ஒருவர் வாங்க வந்தவராகவும் இன்னொருவர் முகவராகவும் இருந்து, படிவங்களை நிரப்பிப் பேசிப் பழக வேண்டும். பதிவு கிடைத்த பிறகும் முதல் இரண்டு ஆண்டுக்குள் அடுத்த கட்டப் பாடங்களை முடிக்க வேண்டும். அதன் பின் ஒவ்வொரு இரண்டு ஆண்டுப் புதுப்பிப்புக்கும் தொடர் கல்வி உண்டு. நீங்கள் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். வேலையோடு படித்தால் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம், பதிவு, காப்புறுதி, சங்கச் சந்தா என்று சில ஆயிரம் டொலர் போகும்.

இவ்வளவும் ஏன் என்று கேட்கிறீர்கள். நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

பதிவு எடுத்த முதல் வருடம். எங்கள் ஊரைச் சேர்ந்த வயதான தம்பதி ஸ்காபரோவில் ஒரு பழைய பங்களோ வாங்க என்னிடம் வந்தார்கள். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டால்தான் அவர்களால் மாதக் கட்டணத்தைச் சமாளிக்க முடியும். அந்த வீட்டின் விளம்பரத்தில், பேஸ்மென்ட் வீடு தீயணைப்பு விதிகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டதா என்பதற்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை என்று ஒரு வரி இருந்தது. நீங்களும் இங்கே நூறு விளம்பரங்களில் அந்த வரியைப் பார்ப்பீர்கள். நானும் வாசித்தேன். அலுவலகத்தில் ஒரு மூத்தவரைக் கேட்டேன், "எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்றார். அதையே அவர்களிடம் போய்ச் சொன்னேன்.

வீடு கைமாறி ஐந்தாம் மாதம் யாரோ முறைப்பாடு கொடுத்து, தீயணைப்புப் பரிசோதகர் வந்தார். தீப்பிடித்தால் வெளியேற முடியாத சின்ன ஜன்னல், மேலுக்கும் கீழுக்கும் நடுவில் தீயைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. வாடகைக்கு இருந்தவர் போக வேண்டியதாயிற்று. திருத்த வேலைக்குக் கடன் எடுத்தார்கள், பல மாதம் வாடகையும் இல்லை. அந்த ஐயா மீண்டும் இரவு வேலைக்குப் போனார். அந்த அம்மா என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. வீட்டுக்குப் போனபோது வழக்கம்போலத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். அது இன்றைக்கும் எனக்குக் கனக்கிறது.

அந்த ஒரு வரியின் பொருள் எனக்குத் தெரிந்திருந்தால் நகரசபையில் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். பார்த்து முடிக்கும் வரை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டிருப்பேன். பெரிய வேலை அல்ல. பாடப் புத்தகத்திலும் அது இருந்தது. சோதனைக்காகப் படித்தேன், அந்த ஐயாவுக்காகப் படிக்கவில்லை.

ஏன் எங்கள் ஆட்களிடம் இது இன்னும் முக்கியம் என்று சொல்கிறேன். ஊரில் காணி வாங்கி விற்ற பழக்கத்தோடு நாங்கள் வருகிறோம். தரகர் இரண்டு பக்கமும் காசு வாங்குவார், உறுதியை நொத்தாரிஸ் முடிப்பார், பங்காளிக்கு முதல் உரிமை என்று யாழ்ப்பாணத்துப் பரம்பரைச் சட்டமான தேசவழமை சொல்லும். அந்த அறிவை வைத்துக்கொண்டு இங்கே ஒரு படி கூட நடக்க முடியாது. இங்கே ஒருவரே இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்வதானால் இருவருக்கும் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வீடு கணவன் பெயரில் மட்டும் இருந்தாலும் குடும்பம் வாழும் வீடு என்றால் விற்கும்போது மனைவியின் சம்மதமும் வேண்டும். இருவர் பெயரில் வாங்கும்போது எந்த முறையில் பெயர் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகும், அல்லது உயிலின்படி பிள்ளைகளுக்குப் போகும். அதை வழக்கறிஞர்தான் விளக்குவார். ஆனால் 'இதைக் கட்டாயம் கேளுங்கள்' என்று சொல்லி அனுப்ப வேண்டியவர் நீங்கள்.

உங்களிடம் வருபவர்கள் உங்கள் தமிழை நம்பித்தான் வருவார்கள். இருபது பக்கப் படிவத்தை அவர்கள் வாசிக்க மாட்டார்கள், "நீங்கள் சொன்னால் சரி தம்பி" என்று கையெழுத்து வைப்பார்கள். அதனால் படிவத்தில் உள்ளதை நீங்கள் தெளிவாக விளங்கி, தமிழில் சொல்லப் பழக வேண்டும். நான் இன்றும் புது வசனம் ஒன்றைக் கண்டால் வீட்டில் உட்கார்ந்து என் அம்மாவுக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்ப்பேன். திக்கினால் எனக்கே விளங்கவில்லை என்று அர்த்தம்.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டியது. போட்டி போட்டு வாங்கிய நாட்கள். கடன் கிடைக்காவிட்டாலோ வீட்டுப் பரிசோதனையில் குறை தெரிந்தாலோ விலகலாம் என்ற நிபந்தனை எதுவும் வேண்டாம், அப்போதுதான் கிடைக்கும் என்று பல முகவர்கள் எழுதி வாங்கினார்கள். மார்ச்சில் கனடா வங்கி வட்டியைக் கூட்டத் தொடங்கியது. 0.25 வீதத்தில் இருந்தது 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போனது. விலை இறங்கியது. வீடு கைமாறும் நாளுக்குள் வங்கி மதிப்பிட்ட விலை ஒப்பந்த விலைக்குக் கீழே வந்தால், வங்கி அந்தக் குறைந்த விலைக்குத்தான் கடன் தரும். மீதியை வாங்குபவர்தான் தேட வேண்டும். முடியாவிட்டால் வைப்புப் பணம் போகும், அதற்கு மேல் வழக்கும் வரலாம். என்னிடம் பிறகு வந்த ஒரு குடும்பத்துக்கு, இப்படி நடக்கலாம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மறுவிற்பனை வீட்டுக்கு ஒன்ராறியோவில் மனம் மாற அவகாசம் கிடையாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. கட்டுமுன் விற்கும் புதுக் கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) பத்து நாள் உண்டு என்று எங்கோ கேட்டு, தங்களுக்கும் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள்.

அப்புறம் கட்டடம் பற்றிய அறிவு. 1960களின் நடுவிலிருந்து 70களின் பிற்பகுதி வரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கக்கூடும், காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கும். 1990களின் நடுவுக்குப் பின் பத்து வருடம் போலக் கட்டிய கொண்டோக்கள் சிலவற்றில் கிடெக் என்ற, வெடித்துக் கசியக்கூடிய தண்ணீர்க் குழாய் இருக்கும். கொண்டோ என்றால் ஸ்டேட்டஸ் சான்றிதழ்: 100 டொலருக்குள், பத்து நாளுக்குள் நிர்வாகம் தர வேண்டும். சேமநிதி எவ்வளவு, வழக்கு ஏதும் நடக்கிறதா, உரிமையாளர்களிடம் மேலதிகமாக வாங்கும் விசேட அறவீடு வரப்போகிறதா என்று அதில்தான் தெரியும். அதை வழக்கறிஞர் பார்க்கும் வரை நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்.

சட்டமும் நிற்காது. 2023 டிசம்பர் 1 முதல், முகவர் தொழிலுக்கான ட்ரெஸா சட்டத்தின் புது விதிகள் வந்தன. வேலை தொடங்குமுன் ரெக்கோவின் தகவல் கையேட்டைக் கொடுத்து விளக்க வேண்டும். விற்பவர் விரும்பினால் போட்டியில் உள்ள விலைகளை மற்றவர்களுக்குச் சொல்லலாம், முன்பு அது முடியாது. பதினான்கு வருட அனுபவத்தோடு நானும் புதிதாக உட்கார்ந்து படித்தேன்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரொறன்ரோ வட்டார முகவர் சங்கத்தில் 2024இல் 70,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். அந்த வருடம் நடந்த விற்பனை 67,610. ஒவ்வொன்றிலும் வாங்கும் பக்கம், விற்கும் பக்கம் என்று இரண்டாகக் கணக்கிட்டாலும் ஆளுக்கு இரண்டு கூட வராது. நீங்கள் கணக்கியல் படித்தவர், மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள். வேர்ஹவுஸ் வேலையை விடாமல் படியுங்கள். பதிவுக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். கையில் காசு இல்லாத முகவருக்கு, "இந்த வீடு வேண்டாம்" என்று வாங்குபவரிடம் சொல்ல மனம் வராது. அந்தச் சொல்தான் சில நாள் வாங்குபவருக்குத் தேவையான ஒரே உதவி.

சேரும் நிறுவனத்தைத் தேர்வதும் படிப்பின் ஒரு பகுதிதான். கமிஷன் முழுவதும் உனக்கே என்று சில இடங்கள் அழைக்கும். முதல் வருடம் அங்கே போகாதீர்கள். "என் முதல் ஐந்து ஒப்பந்தங்களை அனுப்புமுன் யார் பக்கத்தில் இருந்து பார்ப்பார்? இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்?" என்று நேர்முகத்தில் கேளுங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடியாத இடத்தை விட்டுவிடுங்கள். பங்கு குறைந்தாலும் கற்றுத் தரும் ஒருவரிடம் இருங்கள்.

ஊர்ச் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பும் வேலையை இப்போதே தொடங்குங்கள், பாடத்தில் சேரக் குறைந்தது உயர்பள்ளித் தகுதியைக் காட்ட வேண்டும். முதல் பாடத்தைக் குளிர்காலத்தில் எடுங்கள். ஞாயிறு பின்னேரங்களில் நான் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஓப்பன் ஹவுஸில், அதாவது விற்பனைக்குள்ள வீட்டை எவரும் வந்து பார்க்கத் திறந்து வைக்கும் இடத்தில்தான் இருப்பேன். நடுவில் யாரும் வராத நேரம் நிறையக் கிடைக்கும். படிவங்களைக் கொண்டு வாருங்கள், ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிப் பார்ப்போம்.