வெறும் காற்றில் எப்படி மயக்கம் வரும்?

கேள்வி: என் நாலு வயது மகளுக்கு டான்சில் ஆபரேஷன். ஊசி போடாமல், மாஸ்க் வைத்து கேஸ் கொடுத்தே மயக்குவார்களாம். வெறும் காற்றில் எப்படி மயக்கம் வரும்? நடுவில் விழித்துவிட்டால்?

நான் மயக்க மருந்து டாக்டர். தியேட்டர் வாசலில் அநேகமாக எல்லா அம்மாவும் இதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

உங்கள் மகளுக்குக் கொடுக்கப்போவது பெரும்பாலும் செவோஃப்ளூரேன். பாட்டிலில் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். மெஷினில் மஞ்சள் நிறம் போட்ட வேப்பரைசரில் அதை ஊற்றுவோம். உள்ளே போகும் ஆக்ஸிஜன் அதன் ஆவியையும் சேர்த்துக்கொண்டு மாஸ்க்குக்கு வரும். ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் என்று வேறு மருந்துகளும் உண்டு. அவை தொண்டையை உறுத்தி இருமலைக் கிளப்பும் என்பதால், விழித்திருக்கும் குழந்தைக்கு மாஸ்க்கில் கொடுப்பதில்லை. செவோவின் வாடை லேசான இனிப்பு.

இழுக்கும் மூச்சோடு அது நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் ஏறி, மூளையைத் தொடுகிறது. ரத்தத்தில் அதிகம் கரையாத மருந்து இது. அதனால் ரத்தத்திலேயே தங்கிவிடாமல் சீக்கிரம் மூளைக்குப் போய்விடும், நிறுத்தினால் அதே வேகத்தில் மூச்சில் வெளியேறிவிடும். கல்லீரல் உடைக்க வேண்டியது நூற்றில் சுமார் 5 பங்குதான். மூளையில் நரம்புகளை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் பிடியை இது இறுக்குகிறது. கத்தி பட்டும் உடம்பு துள்ளாமல் இருப்பதற்குக் காரணம், இந்த மருந்து முதுகுத்தண்டிலும் வேலை செய்வதுதான்.

முதலில் மாஸ்க்கில் வரும் காற்றில் மருந்தின் அளவை 8 சதவீதம் வரை வைப்போம். அவள் தூங்க ஒரு நிமிடம் போல ஆகும். அதற்குள் அவள் கை காலை உதறலாம், கண் மேலே சொருகலாம், மூச்சு குறட்டை மாதிரி கேட்கலாம். கூட நிற்கும் பெற்றோர் கலங்கிப்போவது இங்கேதான். அது வலி இல்லை அம்மா. பாதி மயக்கத்தில் மூளை போடும் ஆட்டம், அவளுக்கு நினைவிலும் நிற்காது. தூங்கிய பிறகுதான் கையில் ஊசி ஏற்றுவோம்.

பிறகு 2, 3 சதவீதத்துக்கு இறக்கிவிடுவோம். அவள் வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று மானிட்டரில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் நாடித்துடிப்பையும் பிரஷரையும் பார்த்தபடி ஒருவர் கடைசிவரை பக்கத்திலேயே இருப்பார். நடுவில் விழிப்பது மிக அரிது. செவோவுக்கு வலியைப் போக்கும் குணம் இல்லாததால் வலி மருந்து தனியாகப் போகும்.

சளி, காய்ச்சல், ஆடும் பல் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தின்போது உடம்பு கொதித்து ஆபத்தாகியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்படியென்றால் இந்த கேஸையே தொடமாட்டோம். ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பிருந்து பாலோ பிஸ்கட்டோ கூடாது. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் வேறு நேரம் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

எழுந்ததும் உங்களையே அடையாளம் தெரியாதவள் போல வீறிட்டு அழலாம். இந்த மருந்தில் குழந்தைகளுக்கு அது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். நர்ஸ் சொன்னதும் மடியில் வாங்கிக்கொண்டு, அவள் வழக்கமாகத் தூங்கும் துண்டையோ பொம்மையையோ கையில் கொடுங்கள்.