குழாய்க்குள் போனால் மூச்சு முட்டுகிறதே!

கேள்வி: எனக்கு 52 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், அம்மா வீடு எண்ணூர். இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். தாலியைக் கழற்றும்போதே கை நடுங்கியது. குழாய்க்குள் போன இரண்டாவது நிமிடமே மூச்சு முட்டி, கத்தி, வெளியே வந்துவிட்டேன். "சின்னப் பிள்ளையா நீங்க?" என்று அங்கே ஒருவர் கேட்டது இன்னும் உறுத்துகிறது. அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அவர் கேட்டதை முதலில் தூக்கிப் போடுங்கள். கழுத்து ஸ்கேனுக்குப் போய்ப் பாதியில் எழுந்து வந்தவள்தான் நானும்.

அந்தக் குழாய் இரண்டு பக்கமும் திறந்தது. உள்ளே காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை சுற்றும், விரல் மதமதக்கும், காற்றே போதவில்லை என்று தோன்றும். உடனே இன்னும் வேகமாக இழுப்போம். இதை நிறுத்தும் பிடி, மூச்சை விடுவதில் இருக்கிறது. நான்கு எண்ணி மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். படபடப்பு இறங்கும். பெருமூச்சு மட்டும் வேண்டாம், உடம்பு அசைந்தால் படம் கலங்கிவிடும்.

ஸ்கேன் அறையில் போய் இதைப் பழக முடியாது. இன்றே வீட்டில் பாயை விரித்து, தலை கட்டிலுக்கடியில் இருக்கும்படி மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கடியில் தலையணை, கண்மேல் துண்டு. தினமும் பத்து நிமிடம் போதும். வீட்டில் யாராவது எம்ஆர்ஐ சத்தத்தை போனில் போட்டுவிடட்டும். மின்சாரம் மாறி மாறிப் பாய்வதில் கம்பிச் சுருள்கள் அதிரும் சத்தம்தான் அது. கண்டெய்னர் லாரி ஹாரனிலேயே தூங்கிப் பழகியவர்கள் நாம்! இருந்தாலும் அங்கே காதுக்கு அடைப்பான் கேட்டு வாங்குங்கள்.

தாலியை அங்கே போய்க் கழற்றவே வேண்டாம். முதல் நாளே வீட்டில் சாமி முன்னால் நின்று, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டி மாற்றிக்கொள்ளுங்கள். சேஃப்டி பின் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பேஸ்மேக்கர், கிளிப், பிளேட் என்று உடம்புக்குள் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

மேசையில் படுத்ததும், பழைய ரிக்‌ஷா ஹாரன் மாதிரி ஒரு ரப்பர் உருண்டையைக் கையில் தருவார்கள். தராவிட்டால் கேளுங்கள். அதை அமுக்கினால் வெளியே மணி அடிக்கும், வந்து எடுத்துவிடுவார்கள். போகும் முன்பே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். நினைத்தால் வெளியே வரலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். அப்புறம், மேசை நகரும் முன்பே கண்ணை மூடுங்கள். உள்ளே போனபின் மூடலாம் என்றிருந்தால் அந்தக் கூரையைப் பார்த்துவிடுவீர்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், லேசான மாத்திரை எழுதித் தருவார். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். துணைக்கு ஆள் இல்லாமல் வீடு திரும்பவும் வேண்டாம்.

கண்ணை மூடியபின் மனசுக்கு ஒரு வேலை வேண்டுமே? அம்மா வீட்டுக்குக் கிளம்புங்கள். வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறுங்கள், ஜன்னலோரம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பத்து மூச்சு. யார் ஏறுகிறார்கள், யார் கூடையில் என்ன மீன் என்று பாருங்கள். எண்ணூர் வந்தும் ஸ்கேன் முடியவில்லையா? அம்மா வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, அதே ரயிலில் திரும்பி வாருங்கள்.